மூன்றாம் மாடிக்கு ஒரு கையெழுத்து

இராமேஸ்வரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

நாகஜோதி எழுதுவது. நானும் பிள்ளை சிநேகாவும் சுகம். போனில் நம் லாட்ஜ் பேச்சை எடுத்தாலே சிங்கப்பூரில் உங்களுக்கு டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாதல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பழைய கட்டடத்தில் தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் போட்டால் அமெரிக்காவில் வரிச் சலுகையாம், இங்கேயும் இருந்தால் போடலாம், இல்லையென்றால் அப்புறம் பார்க்கலாம் என்றீர்கள். ராமநாதபுரம் போய் ஆடிட்டரைக் கேட்டேன். தனிச் சலுகை இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றார். ஏசி, ஜெனரேட்டர் மாதிரி இதற்கும் வருஷா வருஷம் கணக்கில் தேய்மானம் எழுதலாமாம், வருமான வரி கொஞ்சம் குறையுமாம். வீட்டு வரியில் குறைப்பார்களா, இன்சூரன்ஸில் குறைப்பார்களா என்று நான் விடாமல் குடைந்ததில் மனிதர் களைத்துப்போய் டீ சொல்லிவிட்டார். இன்சூரன்ஸுக்கு எழுதிக் கேட்கச் சொன்னார், கேட்டிருக்கிறேன்.

பிறகு குழாய் வேலை பார்க்கும் பிட்டர் தவ்ஃபீக் அண்ணனை வரச் சொன்னேன். காட்டுவதற்கு ஒரு ஸ்பிரிங்க்ளரைக் கையோடு கொண்டுவந்தார். அதன் மூக்கில் சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே சிவப்பாக ஏதோ திரவம். சூடு பட்டால் குப்பி உடைந்து தண்ணீர் கொட்டுமாம். ஊதுபத்திப் புகைக்கெல்லாம் அசையாதாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் மாடியை அளக்கப் போன நேரத்தில் கொல்லையில் அதைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். நானும் சிநேகாவும் வாயைப் பிளந்து பார்த்திருக்க, டக்கென்று தெறித்தது! 'ஏம்மா, அது சாம்பிளு, திருப்பிக் குடுக்கணும்லா' என்று அண்ணன் தலையில் கைவைத்துவிட்டார்.

நெருப்புக்கு மேலே இருப்பது மட்டும்தான் திறக்குமாம். வந்தவர்கள் நனைவார்கள் என்று பயந்தீர்களே, இருபத்திரண்டு தீர்த்தத்தில் நனையத்தானே மச்சான் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள்? ஒரு சங்கடம், நம் போர் தண்ணீர் உப்பு, குழாயை அரித்துவிடும். நல்ல தண்ணீருக்கு மொட்டைமாடியில் தனித் தொட்டி வைக்க வேண்டும். நீங்கள் இன்னொரு ரூம் கட்ட நினைத்த இடம்தான்.

இனி, உங்களிடம் மறைத்ததைச் சொல்கிறேன். போன அமாவாசையன்று மதியம், மூன்றாம் மாடியில் தங்கியவர்கள் சமைக்கக் கூடாது என்ற போர்டைப் பார்த்தும் ரூமுக்குள் கேஸ் அடுப்பு வைத்துச் சமைத்திருக்கிறார்கள். ஜன்னல் திரை பிடித்துக்கொண்டது. அவர்கள் தீர்த்தமாடிவிட்டு வாளியில் போட்டிருந்த ஈரச் சேலைகளை அள்ளிப் போட்டு அணைத்தேன். பக்கத்தில் நாங்கள் படுக்கும் அறையில்தான் சிநேகா தூங்கிக்கொண்டிருந்தாள். நம் கட்டடத்துக்கு இருப்பது ஒரே மாடிப்படி.

அன்றிலிருந்து மூன்றாம் மாடிக்கு யாரையும் ஏற்றுவதில்லை. தை அமாவாசைக் கூட்டத்துக்கும் தரமாட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள். கட்டடம் உங்கள் பெயரில் இருப்பதால், இத்துடன் வைத்திருக்கும் ஸ்பிரிங்க்ளர் விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நடக்கும்.

இப்போது நாங்கள் இருவரும் கீழே ரிசப்ஷனுக்குப் பின்னால் படுத்துக்கொள்கிறோம். வரி குறையாவிட்டாலும் அப்பா போடச் சொல்வாரா என்று நேற்று சிநேகா கேட்டாள். கேட்ட உடனே போடச் சொல்லிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். பிள்ளையிடம் என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதீர்கள் மச்சான். ராமநாதசாமி உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
நாகஜோதி