தீராத வயிற்று வலி

20.01.2025, திங்கள்
பத்திரிகைக்கு ஒரு சாவுச் செய்தி அனுப்பினேன். ஏரிக்கரை ஊர்ப் பெண், வயது முப்பத்தொன்று. தானே முடித்துக்கொண்டாள். காரணம் கேட்டதற்கு ஸ்டேஷன் எழுத்தர், "வழக்கம்போலத்தான் சார், தீராத வயிற்று வலின்னு போட்டுக்குங்க" என்றார். போட்டேன். வீட்டார் சொல்வது, போலீஸ் எழுதுவது, நான் அனுப்புவது, முப்பத்தைந்து வருடமாக ஒரே வரிதான். வீட்டில் இன்னொரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருக்கும். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

24.01
தம்பி பாலகுரு உப்பளத்துக்குப் போகவில்லை என்று அவன் மனைவி ஜெயப்ரியா போன் செய்தாள். "பதினஞ்சு நாளா இப்படித்தான் மாமா. விடிஞ்சா சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறாரு. பல்லு வெளக்கவே கெஞ்ச வேண்டியிருக்குது."

போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. எனக்காக எழுந்து உட்கார்ந்தான், அதற்கே களைத்துப்போனான்.

25.01
காரணம் பிடிபட்டுவிட்டது. புயல் மழையில் அவன் பாத்திகளின் கரை உடைந்து சேறு ஏறிக் கிடக்கிறது. மற்றவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அவனுடையதில் கொக்கு நிற்கிறது. ஆள் பிடிக்க வேண்டும்.

02.02
கரை போட்டாயிற்று. பக்கத்து அளத்துக் கலியபெருமாள் நான்கு பேரோடு வந்து சேற்றை வாரி, தரையை மிதித்துக் கெட்டியாக்கிக் கொடுத்தான். "டேய் பாலகுரு, புது மாப்ள மாதிரி படுத்துக்கினு இருக்கிறியே, வந்து பார்றா!" தம்பி சிரித்தான். நாளை போகிறேன் என்றான்.

05.02
இரண்டு நாள் போனான். இன்று மறுபடி படுத்துவிட்டான்.

கத்திவிட்டேன். "எல்லாம்தான் சரி பண்ணியாச்சே, இன்னும் என்னடா உனக்கு?"

"தெரியலண்ணா. தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

ஏன் கத்தினேன்? அவனுக்காகவா — நான் கண்டுபிடித்த காரணம் பொய்த்துப்போனதற்காகவா?

12.02
புதுச்சேரியில் மனநல மருத்துவர் தமிழ்நிலாவிடம் அழைத்துப் போனேன். அவனைக் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். "பாத்தி உடைஞ்சதுதான் மேடம்."

"அதுவும் இருக்கலாம் சார். தைராய்டா இருக்கலாம். தூக்கம் கெட்டது, சின்ன வயசுல பட்டது, பரம்பரை... ஒண்ணே ஒண்ணுன்னு இருக்கறது குறைவு. பல வருஷமா சேர்ந்திருக்கும். கடைசியா வந்தது மட்டும் நம்ம கண்ணுல படும்." பிறகு கேட்டார்: "குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது?"

"இல்லை" என்றேன்.

13.02
அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை.

14.02
1989. அப்பா ஆறு மாதம் இப்படித்தான் படுத்திருந்தார். பிறகு தானே முடித்துக்கொண்டார். ஸ்டேஷனில் வயிற்று வலி என்று சொன்னவன் நான்தான். தங்கை விஜயலட்சுமிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பாலகுருவுக்கு ஆறு வயது. அப்பா வயிற்று வலியில் போனார் என்றுதான் இன்றுவரை நம்புகிறான்.

வைத்தியத்துக்கே பொய்த் தகவல் கொடுத்திருக்கிறேன். இவனும் போய்விட்டால்? அப்போதும் அதே வரியைத்தான் அனுப்புவேனா?

15.02
காலையில் மருத்துவரிடம் போனில் சொன்னேன். திட்டவில்லை. "அவர்கிட்டயும் சொல்லிடுங்க. சொன்னப்புறம் தனியா விடாதீங்க" என்றார்.

மாலையில் தம்பியிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஜெயப்ரியா எழுந்து போய் அவனை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

18.02
மூன்று நாள் கழித்து அவனே போன் செய்தான்.

"அண்ணா, அப்பாவுக்குத் தூக்கம் வந்துச்சா?"

"மூணு மணிக்கே முழிச்சிக்குவாரு. அப்புறம் படுக்க மாட்டாரு."

"எனக்கும் அதே டைம்தான். நான் சோம்பேறி ஆயிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேண்ணா" என்றான்.

நான் அழுதது அவனுக்குக் கேட்டிருக்கும்.

01.03
ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் குறைவு. இரண்டு வகை மாத்திரை. வாரம் ஒருமுறை மருத்துவரிடம் அவனே பேசுகிறான். நான் வெளியே பெஞ்சில்.

09.03
இன்றும் படுக்கைதான். மருந்து பிடிக்க நாளாகுமாம். அலுப்பாக இருக்கிறது.

30.03
ஜெயப்ரியா போன் செய்தாள். "இன்னைக்கு என்னைத் திட்டினாரு மாமா! மீனு பழசாம். கண்ணக்கூடப் பாக்காம வாங்கியாந்தியான்னு கேக்கறாரு. மூணு மாசமா வெச்சதைத் தின்னுட்டுப் பேசாம எழுந்து போனவரு."

சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. காலையில் அரை நாள் அளத்தில் வேலை செய்தானாம். நாளைக்குப் போவானா என்பது தெரியாது என்றாள்.

எதனால் என்று நான் கேட்கவில்லை.