பட்டறை நிலையத்தின் வரலாறு

பீளமேடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வம்சி கண்ணுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று உன் மெயிலில் தேடினேன். அதைக் காணோம், நோட்டீஸ் மட்டும்தான் இருந்தது.

நீயும் உன் நண்பர்களும் கணினி விளையாட்டுக்குள் கட்டியிருக்கும் கோவை மெட்ரோவில், நான் கட்டிய பட்டறை நிலையத்தை வரும் சனிக்கிழமை இடிக்கப் போகிறீர்களாம். பாதை நேராக வேண்டுமாம். அந்த நிலையத்துக்கு வரலாறு எதுவும் பதிவாகவில்லையாம். அவ்வளவுதானே? நான் எழுதுகிறேன், உன் குழுவுக்குப் படித்துக் காட்டு.

பொழுது போகட்டும் என்று நீதான் எனக்கு அதில் இடம் கொடுத்தாய். நம் பம்பு பட்டறைக்கு எதிரில் கட்டினேன். படிக்கட்டு கோணல்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்பா என் பின்னால் நின்று இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் இல்லாமல் என்ன கட்டடம், முதலில் போர்வெல் போடு என்றார். நம் ஊரில் அஸ்திவாரத்துக்கு முன்னால் போர்தானே. கணினிக்குள் தோண்டுவதற்கும் ராகு காலம் கழியட்டும் என்று என்னைக் காக்க வைத்துவிட்டு, அவரே தோண்டினார். அடியில் உங்கள் சுரங்கம் போவது யாருக்குத் தெரியும்? கூரை உடைந்து தண்ணீர் இறங்கி, சிங்காநல்லூர் வரை ரயில் நின்றுபோனது. எந்தெந்த நாட்டிலிருந்தோ உன் ஆட்கள் திட்டினார்கள்.

அதை அடைக்க நீ வந்தாய். பட்டறையை எடுத்து நடத்த மாட்டேன் என்று நீ விமானம் ஏறியதிலிருந்து நான்கு வருடமாக உன்னோடு போனில்கூடப் பேசாத மனுஷன், அன்று ஒற்றை விரலால் தட்டித் தட்டி உனக்கு எழுதினார். எத்தனை அடி ஆழம், எந்த மோட்டார் வைத்தால் வடியும் என்று கேட்டார். நீயும் பதில் எழுதினாய். இரண்டு நாள் இருவரும் சேர்ந்து இறைத்தீர்கள். முடிந்த பிறகு சாப்பிட உட்கார்ந்தவர், "பையன் வேலை தெரிஞ்சவந்தான் அம்மணி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அவர் கணினியைத் திறந்து அந்த நடைமேடையில் போய் நிற்கிறார். நீயும் வருகிறாய். கசிவு இருக்கிறதா என்று பார்க்க வந்ததாக இருவருமே சொல்கிறீர்கள். எட்டு மாதமாகவா கசிகிறது?

ஓட்டுக்கு விட்டால் நான் தோற்பேன், தெரியும். தோற்றாலும் சம்மதம் எழுதித் தர மாட்டேன். சனிக்கிழமை காலையிலிருந்து அந்த நடைமேடையில்தான் நிற்பேன். இடிப்பதென்றால் என் தலைமேல் இடியுங்கள்.

இடிக்கப் போவது அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். சொல்ல வேண்டியவன் நீ. போனில் சொன்னால் செல்லாது. நேரில் வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, அந்த நிலையம் இனி வேண்டியதில்லை அப்பா என்று உன் வாயால் சொல். அன்றைக்கு நானே இடித்துத் தருகிறேன்.

நூறு வருஷம் நன்றாக இரு கண்ணு.

உன் பிடிவாதக்கார அம்மா,
வரலட்சுமி