ஹால் நடுவே ஒரு சுவர்

மரக்காணம்
3.2.2025

அன்புத் தம்பி கார்த்திகேசனுக்கு,

என் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். அதனால்தான் கடிதம். உன் வீட்டுக்காரி ரேகாவுக்கு இடுப்பு வலி தேவலையா?

ஹால் பீமில் நெடுக விரிசல். நேற்றுக் காலையில் ஒரு துண்டு பெயர்ந்து, என் மகள் வினோதினி படுக்கும் பாயிலேயே விழுந்தது. நல்லவேளை, அப்போதுதான் எழுந்து பல் துலக்கப் போயிருந்தாள். உள்ளே கம்பி துருப்பிடித்து ஏடு ஏடாக உதிர்கிறது. அதே பீம்தான் நீ எழுப்பிய நடுச்சுவரைத் தாண்டி உன் பாகத்துக்கும் போகிறது. அந்தப் பக்கமும் பார்க்கணும் என்கிறார் கொத்தனார் பஞ்சநாதன். சாவியை அனுப்பு. உன் பாகம் எனக்கு வேண்டாம், சாமி.

அக்கா
அருக்காணி

புதுச்சேரி
10.2.2025

அக்காவுக்கு,

போன வருஷம் தண்ணிக் குழாய், இப்போது பீம். என் கதவைத் திறக்க உனக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. சிமெண்ட் வைத்துப் பூசு. ஹாலில் உப்பு மூட்டை அடுக்காதே என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேனே, கேட்டாயா? சாவி வராது.

ரேகாவுக்குத் தேவலை.

கார்த்திகேசன்

மரக்காணம்
15.2.2025

தம்பிக்கு,

பூசிப் பார்த்தாயிற்று, இரண்டு தரம். துரு ஏறினால் கம்பி பருத்துப் பூச்சைத் தள்ளுமாம். தள்ளிவிட்டது. மூட்டை அடுக்கினேன், இல்லை என்று சொல்லவில்லை. இந்த வீட்டைக் கட்டும்போது அப்பா உப்பளத்துக் கிணற்று உப்புத் தண்ணீரில் கான்கிரீட் குழைத்தாரே, அது? குடம் குடமாக ஊற்றியது நீயும் நானும்தான்.

இப்போது சமையலறையில் படுக்கிறோம். பயமாக இருக்கிறது கார்த்தி. நீயே வந்து திற. உன் வாசற்படியை நான் மிதிக்க மாட்டேன், போதுமா?

அருக்காணி

புதுச்சேரி
25.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீ உப்பளம் போயிருந்தபோது ஒரு இன்ஜினியரோடு வந்தேன். வினோதினி உன் பக்கம் திறந்துவிட்டு, டீயும் போட்டுக் கொடுத்தாள்.

என் பக்கம் இன்னும் மோசம். பாரம் தாங்குகிற அடிக்கம்பியில் ஒன்று அற்றே போயிருக்கிறது. "இந்தச் சுவர் மட்டும் இல்லேன்னா பீம் எப்பவோ இறங்கியிருக்கும் சார். யார் கட்டினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அதைக் கட்டிய அன்று நீ மண்ணை வாரித் தூற்றியது ஞாபகம் வந்தது.

இரண்டு பக்கமும் முட்டு கொடுத்தாயிற்று. பீமை உடைத்துப் புதிதாகப் போடணும். அப்போது சுவரையும் எடுத்துவிடுவார்கள். "வேலை முடிஞ்சதும் திரும்ப எழுப்பணுமா?" என்றார். அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சாவி இத்துடன்.

தம்பி
கார்த்தி

மரக்காணம்
1.3.2025

கார்த்திக்கு,

அந்தச் சுவரைத் திட்டாத நாள் இல்லை. இனி வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

சாவி வந்தது. நான் திறக்கவில்லை. சுவர் வேண்டுமா வேண்டாமா என்று கடிதத்தில் கேட்டால் சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிறு வேலைக்குப் போகவில்லை. ரேகாவைக் கூட்டிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேள்.

முட்டு நிற்கிறது. ஹாலிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.

அக்கா
அருக்காணி