எல்லா இரும்புக்கும் ஒரே நிறம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். பட்டறை தொடங்கிய இருபத்திரண்டு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட மிக முக்கியமான முடிவு சென்ற மாதம் எடுக்கப்பட்டது. நானும் மேஸ்திரியும் என் மனைவியும் இரண்டு மணி நேரம் கூடிப் பேசி, கிடங்கிலுள்ள இரும்பு அனைத்துக்கும் சாம்பல் நிறம் அடிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். இளநீலம் கேட்ட மேஸ்திரி வெளிநடப்புச் செய்து, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். "ஒரு சட்டத்துக்கு முனை சிவப்பு, இன்னொண்ணுக்குப் பச்சைன்னு பொம்மைக் கடை மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் கண்ணுக்கு லட்சணமா இருக்கு" என்கிறாள் உன் தம்பி மனைவி.

நீ வடிவமைத்த பள்ளி நடைபாலமும் அந்த இரும்பில்தான். முக்கால்வாசி பற்றவைத்தாயிற்று. நீதான் ஒரு வரி எழுதுவதில்லை.

உன் தம்பி

மார்ச் 9

தம்பி,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், உட்காரத் தோன்றவில்லை. சிவப்பு முனை உறுதி கூடிய இரும்பு. பச்சை முனை சாதா இரும்பு. கனம், அகலம், எடை எல்லாம் ஒன்று. பார்த்துச் சொல்ல அந்த நிறத்தை விட்டால் வேறு வழி கிடையாது. அதையா அழித்தீர்கள்? அடிச்சட்டங்களுக்கு உறுதி கூடியதுதான் வேண்டும் என்று வரைபடத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேனே! எது எங்கே போனது? வேலையை நிறுத்து. உடனே எழுது.

அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் பாலத்தைத் தூக்கி நிறுத்திவிட்டோம். மேஸ்திரியைக் கேட்டேன். "கைக்கு வந்ததைப் போட்டோம் முதலாளி. இரும்பு இரும்புதானே?" என்றார். பெயிண்ட் வழவழப்பாக வர வேண்டுமென்று இரும்பில் ஒட்டியிருந்த ரகச் சீட்டுகளையும் சுரண்டிவிட்டாராம்.

உன் கம்ப்யூட்டரில் எல்லாச் சட்டமும் தாங்கும் என்று பச்சை காட்டியதே! அதற்கே இல்லாத பயம் உனக்கு ஏன்? வெட்டிச் சோதிக்க மட்டும் சொல்லாதே. நகராட்சி என்னை ஒப்பந்தப் பட்டியலிலிருந்து தூக்கிவிடும். பட்டறையை நம்பிப் பதினோரு குடும்பம் இருக்கிறது. நமக்குள் இருக்கட்டும் அக்கா. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாம்.

உன் தம்பி

மார்ச் 20

தம்பி,

கம்ப்யூட்டர் நான் சொன்ன இரும்பை நம்பியது. நான் உன்னை நம்பினேன். நேற்று அதே பாலத்துக்குச் சாதா இரும்பு என்று கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நொடியில் ஒன்பது சட்டம் தாங்காது என்று சிவப்பாகிவிட்டது. திறந்துவிட்டால் தினமும் பள்ளி மணிக்கு முன்னால் நானூறு பிள்ளைகள் அதன் மேல் நெருக்கியடித்து வருவார்கள். உன் மகளும் வருவாள். எழுதிவிட்டு அந்த வரியை நான் திரும்பப் படிக்கவில்லை.

நகராட்சிக்குத் தெரிவித்துவிட்டேன். உன்னிடம் முதலில் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நானும் அனுப்பியிருக்க மாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய வடிவமைப்புப் பொறியாளர் அவர்களுக்கு,

பொருள்: பள்ளி நடைபாலம்.

தங்கள் புகாரின்பேரில் ஒன்பது சட்டங்களிலிருந்தும் துண்டுகள் வெட்டி இழுவைச் சோதனைக்கு அனுப்பப்பட்டன. ஆறு துண்டுகள் சாதா இரும்பு. பாலம் வெள்ளிக்கிழமை இறக்கப்பட்டது. ஒப்பந்தப் பட்டியலிலிருந்து பட்டறையின் பெயர் நீக்கப்பட்டது. பட்டறையில் இப்போது மூன்று பேர் வேலை செய்கிறோம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்