அல்பேர்ட்டின் பக்கம்

03.10.2001, புதன்

அச்சுக்குக் கொடுக்கும் பி.டி.எவ். கோப்பு இன்றும் வரவில்லை. காலையில் கட்டளையைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தேன், கடையைக் கூட்டினேன், மத்தியானச் சாப்பாடும் முடிந்தது. பாதிப் புத்தகத்தில் கம்பியூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே கரண்டை வெட்டிவிட்டார்கள். இனி முதலிலிருந்து.

"மெஷின் கிழடு பிள்ளை, ஆறுதலாச் செய்யட்டும்" என்கிறார் கடைக்கார யோகநாதன் அண்ணை. அவருக்கென்ன, பின்னேரம் வீட்டுக்குப் போனால் கதைக்க ஆளிருக்கு.

பங்குக் குரு ஸ்ரனிஸ்லஸ் சுவாமி வந்து அவசரப்படுத்தினார். நவம்பர் இரண்டு, சகல ஆத்துமாக்களின் திருநாளுக்கு முன் புத்தகம் கொழும்பில் அச்சாகி வரவேண்டும். சண்டையில் பாதை பூட்டியதால் எங்கள் ஊர் நாயாற்றுச் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் திரி கொளுத்த எங்களில் ஒருவருக்கும் வழியில்லை. அதனால் வவுனியாவில் இருக்கும் ஊராட்கள் மண்டபத்தில் கூடி, இறந்தவருக்கு ஒரு பக்கம் என்று புத்தகத்தைத் திறந்துவைத்து மெழுகுதிரி கொளுத்தப் போகிறோம். அவரவர் பக்கத்துக்கு அவரவர் வீட்டார்.

05.10.2001, வெள்ளி

எழுத்துருவில் பிழையோ என்று மாற்றிப் பார்த்தேன். இல்லை.

07.10.2001, ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரும் குடும்பம் குடும்பமாக நின்று கதைத்தார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவும் தங்கச்சியும் ஓமந்தைக்கு அங்கால், பூட்டிய பாதைக்கு அந்தப் பக்கம். இங்கே எனக்கு ஒரு வாடகை அறையும் ஒரு குக்கரும்.

அல்பேர்ட் என்னைக் கலியாணம் செய்ய இருந்தது அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பெருநாள் முடிய வீட்டில் சொல்கிறேன் என்றான். அதற்குள் கடலுக்குப் போனான். உடம்பும் கரைசேரவில்லை, கல்லறையும் இல்லை. செத்தவீட்டில் நான் ஊராளாகத்தான் நின்றேன். திருநாளன்றும் அப்படித்தான் நிற்கவேண்டும். இனி அவனுக்கென்று இருப்பது இந்தப் பக்கம் ஒன்றுதான். அதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும்.

10.10.2001, புதன்

பிடித்துவிட்டேன்!

படம் இல்லாத முன்னுரையை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். கடகடவென்று வந்தது. முகம் உள்ள முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பிழை மெஷினில் இல்லை, என்னில்தான்.

இடம்பெயர்ந்ததில் எல்லா வீட்டு அல்பங்களும் போய்விட்டன. மிஞ்சியது கோயில் பெருநாளில் எடுத்த ஒரேயொரு குறூப் போட்டோ. அதில் முகங்கள் பயறளவுதான். பெருப்பிக்க வேண்டுமே என்று ஸ்கானரின் உச்ச அளவில் ஏற்றினேன். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் முழுப்படத்தையும் வைத்து, ஒரு முகம் மட்டும் தெரிய மிச்சத்தை மறைத்தேன். மறைத்தால் அது போய்விடுமா? ஒவ்வொரு பக்கத்துக்கும் கம்பியூட்டர் முழு ஊரையும் சுமந்திருக்கிறது, பாவம்.

அப்படியென்றால் இறந்த ஒவ்வொருவருடைய பக்கத்திலும் நானும் இருந்திருக்கிறேன், மறைவில். அந்தப் படத்தில் அல்பேர்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பது நான்தானே. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். அண்ணை தூசி என்று நினைத்து மின்விசிறியை நிற்பாட்டினார்.

இனி ஒவ்வொரு முகத்தையும் படத்திலிருந்து வெட்டி எடுத்துத் தனித்தனியாக வைக்க வேண்டும்.

12.10.2001, வெள்ளி

எல்லோரையும் பிரித்தாயிற்று. அல்பேர்ட் மட்டும் மிச்சம்.

படத்தில் என்னோடு முட்டிக்கொண்டு நிற்கிறான். எப்படி வெட்டினாலும் என் தோளும் பின்னலில் ஒரு துண்டும் கூடவே வருகின்றன. துடைக்கலாம், சின்ன வேலை. மற்ற எல்லோருக்கும் துடைத்தேன்தானே.

துடைச்சா நான் எங்க? ஒருத்தருக்கும் தெரியாமலே போகட்டும் எண்டோ?

கை வரேல்ல. அப்படியே விட்டுவிட்டேன்.

15.10.2001, திங்கள்

பி.டி.எவ். வந்துவிட்டது. தேத்தண்ணீர் ஆறவில்லை, அதற்குள் முழுப் புத்தகமும். யோகநாதன் அண்ணை நம்பாமல் ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்தார். சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. சுவாமி கொழும்புக்குக் கொண்டுபோக முன் வீட்டார் பார்க்க வருகிறார்கள்.

16.10.2001, செவ்வாய்

அல்பேர்ட்டின் அம்மா புனிதம் அன்ரி கதிரையை இழுத்துப்போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார். மகனின் முகத்தைத் திரையிலேயே தடவினார். விரல் ஓரத்துக்குப் போய் நின்றது.

"உதில ஆரின்ரையோ தோள் தெரியுது, பிள்ளை."

"அதைத் துடைச்சுவிடுவம்" என்றார் சுவாமி.

"என்ர தோள், அன்ரி" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு படத்தை. பிறகு திரும்பவும் என்னை. திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"விடுங்கோ சுவாமி. அது இருக்கட்டும்" என்றார்.



02.11.2001, வெள்ளி

மண்டபத்தில் வழமைபோல் கதவோரம் நின்றேன். புனிதம் அன்ரி திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். போனேன். புத்தகம் அல்பேர்ட்டின் பக்கத்தில் விரித்திருந்தது. நெருப்புப்பெட்டியை என் கையில் வைத்தார்.

"நீ கொளுத்து, பிள்ளை."

சனம் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் குச்சி அணைந்துவிட்டது. அவர் இன்னொன்றை எடுத்துத் தந்தார்.