கரைக்கு நாற்பது மீற்றர்

பேர்கன், நோர்வே
14.01.2024

அன்புள்ள சந்தியோகு அண்ணைக்கு,

கிறிஸ்ரோபர் எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதும் மடித்து வைத்துவிட வேண்டாம். தொலைபேசி எடுத்தால் நீங்கள் லூர்த்தம்மா அக்காவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அக்கா சுகம் கேட்பார், மழையைப் பற்றிச் சொல்வார், வைத்துவிடுவார். கடிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது என்று நம்புகிறேன்.

இங்கே பனி. மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும். சிசிலியா என்னைத் தனியே விட்டுக் காலமான பிறகு முதியோர் நிலையத்துக்குப் போய் வருகிறேன். அங்கே வள்ளம் வலிக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் இல்லை. நீளமான ஒரு சட்டம், அதன்மேல் வழுக்கி ஓடும் இருக்கை, முன்னால் ஒரு சக்கரம், அதிலிருந்து வரும் சங்கிலியில் ஒரு கைபிடி. இழுத்தால் சக்கரம் காற்றில் சுழலும். இன்னும் எத்தனை மீற்றர் என்று சின்னத் திரை ஒன்று காட்டும்.

சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். போன கார்த்திகையில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் போட்டியில் மூன்றாவதாக வந்தேன். பதக்கம் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சித்திரையில் இருவர் போட்டி இருக்கிறது. இருவரின் வயதும் சேர்ந்து நூற்றைம்பதைத் தாண்ட வேண்டும். ஆளுக்கு ஆயிரம் மீற்றர்; இரண்டு பேரின் நேரத்தையும் கூட்டுவார்கள். ஒரே நாட்டில் இருக்கத் தேவையில்லை. இயந்திரம் ஒரே வகையாக இருந்து, வலிப்பதைப் படம் பிடித்து அனுப்பினால் போதும்.

எனக்கு எழுபத்தைந்து. உங்களுக்கு எழுபத்தெட்டு.

எண்பத்தாறு மாசியில் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவன் கேட்கிறேன். இது மன்னிப்புக் கேட்கும் கடிதம் அல்ல. அதை எப்படி எழுதுவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு படிவத்தில் எங்கள் இரண்டு பெயரும் ஒரே வரியில் வர வேண்டும். அவ்வளவுதான்.

அன்புடன்,
கிறிஸ்ரோபர்


குருநகர்
06.02.2024

கிறிஸ்ரோபருக்கு,

கடிதத்தையும் கைமாற்றலாம். லூர்த்தம்மாதான் வாசித்தாள். சிசிலியாவின் பெயர் வந்த இடத்தில் நிறுத்திச் சிலுவை போட்டாள். பிறகு மிச்சத்தை வாசித்துவிட்டு, "இந்த மனுசன் தண்ணியில்லாத கடலிலை என்ன மீனைப் பிடிக்குது?" என்று கேட்டாள். அதுதான் என் கேள்வியும்.

எண்பத்தாறு மாசியை நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய். எனக்கு அது ஒரு காலை முழுவதும். வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கிவிட்டு நின்றேன். இரண்டு துடுப்பு, ஓர் ஆள். வெயில் ஏறியது. போனவன் வந்தவன் எல்லாம், "எங்கை உன்ரை சோடி?" என்று கேட்டான். வாறான் என்றேன். எல்லாருக்கும் வாறான் என்றேன். எட்டு மணிக்கு உன் அம்மா தலைவிரி கோலமாக வந்தபோதுதான் எனக்கே தெரியும்.

ஏழு வருடம் ஒரே வள்ளத்தில் இருந்தவன். என் முதுகைப் பார்த்து வலித்தவன். என் மூச்சுக்கு மூச்சு வைத்தவன்.

ஆகவே பெயர் எழுத வேண்டாம்.

எனக்கு வலது தோளில் நோ. கிழமைக்கு இரண்டு தரம் பயிற்சிக்குப் போகிறேன். சுபாஜினி என்று ஒரு பிள்ளை, கையைத் திருகி எடுக்கிறாள். அந்த நிலையத்தின் மூலையில் நீ சொன்ன இயந்திரம் நிற்கிறது. கனடாவில் இருந்து யாரோ அனுப்பினார்களாம். துவாய் காயப்போட்டிருந்தார்கள். துவாய்களை எடுத்து வைத்துவிட்டு ஏறி இருந்தேன். சும்மா பார்க்கத்தான்.

ஆயிரம் மீற்றர். ஆறு நிமிடம் பன்னிரண்டு செக்கன். இறங்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

உனக்கு எவ்வளவு? அதை மட்டும் எழுது.

சந்தியோகு


பேர்கன்
24.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைக் குளிரங்கியின் உள்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். திட்டி எழுதியிருந்தாலும் உங்கள் கையெழுத்து. நன்றி. துவாய்களை எடுத்து வைத்ததற்கும் நன்றி.

நான்கு நிமிடம் நாற்பத்திரண்டு செக்கன். கோபிக்க வேண்டாம், இரண்டு வருடப் பழக்கம். நீங்கள் தோளால் இழுக்கிறீர்கள் என்று இங்கிருந்தே தெரிகிறது. இதில் முதலில் கால். காலால் உதைத்து, பிறகு முதுகைச் சாய்த்து, கடைசியாகத்தான் கை. திரும்பும்போது எதிர்ப்பக்கமாக. எனக்கு இதைப் பழக்கிய பெண், நான் மீன் பிடித்தவன் என்று அறிந்ததும், தெரிந்ததை எல்லாம் மறக்கச் சொன்னாள். மறந்தேன். எனக்கு மறப்பது எளிது என்று நீங்கள் நினைப்பீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் யாருக்கும் சொல்லாதே என்றான். உண்மை. ஆனால் நான் சொல்லாததற்கு அவன் காரணம் இல்லை. சொன்னால் "போகாதை" என்பீர்கள். நீங்கள் சொன்னால் நின்றிருப்பேன். அந்தப் பயம்தான். நேரே கேட்டால் நின்றுவிடுவேன் என்று தெரிந்ததால் கேட்கும் இடத்தில் நிற்கவில்லை.

படிவத்துக்குப் பங்குனி இருபதுதான் கடைசி நாள். சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
கிறிஸ்ரோபர்


குருநகர்
14.03.2024

தம்பி கிறிஸ்ரோபருக்கு,

ஐந்து இருபது. நான்கு ஐம்பத்தெட்டு. நேற்று நான்கு நாற்பது. உன்னுடையதில் இருந்து இரண்டு செக்கனைக் கழித்துப் பார்.

கால் என்று நீ சொன்னது சரி. ஐம்பது வருடம் வள்ளத்தில் மடக்கி வைத்திருந்த கால்கள் இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கின்றன. உள்ளங்கையில் காய்ப்பு, ஆனால் பழைய இடத்தில் இல்லை. ஒரு விரல் அளவு மேலே. பழைய காய்ப்பு எப்போது கரைந்து போனது என்று யோசித்தேன். கவனிக்கவில்லை.

முழங்கால் நோவுக்கு வரும் மனுசிமார் நாலு பேர் என்னைச் சுற்றி இருந்து எண்ணுகிறார்கள். ஒருத்தி வாழைப்பழம் கொண்டுவருகிறாள். லூர்த்தம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. இப்போது அவளும் வந்து இருக்கிறாள். தவக்காலத்தில் இவ்வளவு பாடுபட்டது யேசுவுக்குப் பிறகு நான்தான் என்று சொன்னேன். வாயைப் பொத்தச் சொன்னாள். இரவில் தோளுக்கு எண்ணெய் போட்டுவிடுகிறாள். இத்தனை வயதில் என் உடம்பைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைப்பது, நோயைத் தவிர, இதுதான் முதல் தடவை.

சுபாஜினி இதயத்துடிப்பை அளந்து பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்கு ஐம்பது வயசுக்காரன்ரை நெஞ்சு" என்றாள். அதை நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன்.

கடிதம் வந்துசேர நாளாகும். இருபதாம் திகதியைத் தாண்டினாலும் தாண்டும். ஆகவே சுபாஜினியின் தொலைபேசியில் உனக்கு ஒரு வரி அனுப்பச் சொல்கிறேன். பெயரை எழுது. என்னுடையது முதலில்.

சந்தியோகு


குருநகர்
07.04.2024

தம்பி,

நேற்று வலித்தேன். படத்தை நீ இதற்குள் பார்த்திருப்பாய். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணி. பங்குச் சுவாமி வந்து செபம் சொன்னார். மனுசிமார் நாலு பேர். லூர்த்தம்மா. சுபாஜினி தொலைபேசியைக் கம்பத்தில் கட்டிவிட்டு அருகில் நின்றாள்.

முதல் ஐந்நூறு நான் நினைத்ததைவிட நன்றாகப் போனது. எழுநூறில் வாய் காய்ந்தது. எண்ணூறில் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. சக்கரத்தின் காற்று மட்டும். நான்கு முப்பத்தெட்டுக்கு முடியும் என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது. மிச்சம் அறுபது. மிச்சம் ஐம்பது. மிச்சம் நாற்பது.

கையை உயர்த்திவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. களைத்தும் செய்யவில்லை. கரைக்கு நாற்பது மீற்றர் இருக்கும்போது என்ன செய்வோம்? துடுப்பைத் தூக்குவோம். விரித்துக் கிடக்கும் வலைகளில், கட்டி நிற்கும் வள்ளங்களில் மோதாமல், வந்த வேகத்திலேயே ஊர்ந்துபோய் மண்ணைத் தொட விடுவோம். ஐம்பது வருடம் அப்படித்தான் கரைக்கு வந்திருக்கிறேன். உடம்பு கரையைக் கண்டுவிட்டது.

"ஐயா, இன்னும் இருக்கு, இழுங்கோ," என்றாள் சுபாஜினி.

"கரை வந்திட்டுது பிள்ளை," என்றேன்.

படத்தில் அது கேட்கும். எல்லாரும் கத்தினார்கள். திரையில் எண் ஊர்ந்து இறங்கியது. முப்பத்தாறு. முப்பத்துமூன்று. முப்பத்தொன்று. அதில் நின்றேவிட்டது. அந்தச் சக்கரத்துக்குக் கரை தெரியாது. பிறகு விளங்கி, திரும்பப் பிடித்து இழுத்தேன்.

நான்கு நாற்பத்தாறு. எட்டுச் செக்கன் போய்விட்டது.

மனுசிமார் கை தட்டினார்கள். சுவாமி தோளில் தட்டினார். நான் வெளியே வந்து மதிலோரம் நின்றேன். நீ அங்கே உன் பங்கை ஒழுங்காக வலித்துவிட்டு, என்னை நம்பி இருந்திருப்பாய். நான் உன்னை நட்டாற்றில் விட்டுவிட்டேன். உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். எனக்கு உன்மேல் இருந்த கோபத்தைவிடக் குறைவாக வந்தால் அது நியாயம் இல்லை.

மன்னித்துக்கொள், கிறிஸ்ரோபர்.

சந்தியோகு


பேர்கன்
24.04.2024

அன்புள்ள சந்தியோகு அண்ணைக்கு,

என் நேரம் நான்கு நாற்பத்தொன்று. இரண்டும் சேர்ந்து ஒன்பது நிமிடம் இருபத்தேழு. பதினொரு சோடிகளில் நாங்கள் இரண்டாவது. முதலாவதாக வந்தவர்கள் எங்களைவிட மூன்று செக்கன் முன்னால். கணக்கு உங்களுக்கும் தெரியும், மறைக்கவில்லை.

படத்தை நிலையத்தில் பெரிய திரையில் போட்டார்கள். கை உயர்ந்தபோது எல்லாரும் மூச்சை அடக்கினார்கள். நெஞ்சுவலி என்று நினைத்தார்கள். நான் மட்டும் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். என்ன என்று எனக்குத் தெரியும். பயிற்சி தரும் பெண்ணுக்கு எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் விளக்கினேன்: யாரும் கரையை முட்டும்வரை வலிப்பதில்லை, அங்கே மற்றவர்களின் வலை கிடக்கும். அவள் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

நான் கடைசி மீற்றர் வரை வலிக்கிறேன், அண்ணை. எப்போது அப்படி ஆனேன் என்று தெரியவில்லை. உங்கள் கையைப் பார்த்தபோதுதான் எனக்கும் ஒரு காலத்தில் அது தெரிந்திருந்தது என்று நினைவு வந்தது.

இந்த மாத முடிவு வரை இன்னொரு தரம் வலித்து அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. உங்களைக் கேட்காமலே, "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த நேரம் எங்களுடையது. இதை மாற்ற எனக்கு மனம் இல்லை.

மன்னிப்பு என்ற சொல்லை நீங்கள் ஒரே நாளில் எழுதிவிட்டீர்கள். எட்டுச் செக்கனுக்கு. எனக்கு முப்பத்தெட்டு வருடம் அந்தச் சொல் வரவில்லை. இப்போதும் எழுத்துத் தமிழில் வரவில்லை. சொல்வது போலவே எழுதுகிறேன்.

அண்ணை, அண்டைக்கு நான் உங்களிட்டைச் சொல்லிப்போட்டுப் போயிருக்க வேணும். உங்களைக் கரையிலை நிக்க விட்டது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

உங்கள் தம்பி,
கிறிஸ்ரோபர்


குருநகர்
13.05.2024

என் அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை லூர்த்தம்மா வாசிக்கவில்லை. உன்னுடையதை நானே கண்ணாடி போட்டு வாசித்தேன். இதையும் நானே கொண்டுபோய்த் தபாலில் போடுவேன்.

இரண்டாவது என்றால் இரண்டாவது. சுவாமி பூசையில் அறிவித்தார். சனம் என்னை இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறது. வாழைப்பழக்காரி எனக்கு ஒரு சேட்டுத் துணி வாங்கித் தந்திருக்கிறாள்; அதை லூர்த்தம்மா தைக்கக் கொடுக்கவே மாட்டாள்.

நீ மன்னிப்புக் கேட்டாய். அதை வாங்க எனக்கு உரிமை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ போன பிறகு எனக்குச் சோடி கிடைக்கவில்லை. ஆரைக் கேட்டாலும் தனக்கு ஆள் இருக்கு என்றான். அந்த வருடம் ஆனியில் ஒரு நாள் காலை எல்லாரும் கடலுக்குப் போனார்கள். நான் மண்ணில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். உன்னைத் திட்டிக்கொண்டு. அன்றைக்குப் போனவர்களில் எத்தனை பேரை நேவிக்காரர் கடலில் வைத்தே கொன்றார்கள் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. எங்களுக்குப் பக்கத்தில் வள்ளம் கட்டியவர்கள். எங்களோடு ஒரே இடத்தில் வலை விடுகிறவர்கள். நீ நின்றிருந்தால் நாங்களும் அவர்களோடுதான். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

பின்னேரம் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்றேன். அந்த வாசல்களில் நின்றுகொண்டு ஒருவன் தன் சோடிக்கு நன்றி நினைக்கலாமா? நினைப்பு வந்தது. வெட்கமாக இருந்தது. கோபம் கையில் இருந்தது, அதையே வைத்துக்கொண்டேன். கோபத்தோடு இருந்தால் உயிரோடு இருப்பதற்கு ஆருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

நீ எழுதியிருந்தாய்: நான் சொன்னால் நீ நின்றிருப்பாய் என்று. உண்மை. நானும் சொல்லியிருப்பேன். நீயும் நின்றிருப்பாய். அதனால்தான், தம்பி, நீ சொல்லாமல் போனாய் என்பதற்காகக் கடவுளுக்கு ஒவ்வொரு ஆனியும் நன்றி சொன்னேன். உனக்கு ஒரு தரமும் சொல்லவில்லை.

அந்த ஆட்களுக்கான பூசை வருகிற மாதம். முப்பத்தேழு தரம் கோயில் வாசலில் நின்றே பூசை கண்டிருக்கிறேன்; உள்ளே போகக் கால் வரவில்லை. இந்த முறை உள்ளே போய், அவர்களின் பிள்ளைகளோடு வாங்குப் பலகையில் இருக்கப் போகிறேன்.

நன்றி, கிறிஸ்ரோபர்.

உன் அண்ணை,
சந்தியோகு