அண்ணன் என்னைக் கேட்டது

12 ஜூலை 1961, புதன்

அண்ணனைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். அவனுக்கு ஆளில்லாத இடத்தில் குரல்கள் கேட்கின்றன. ஒரு மாதமாக வேலைக்கும் போகவில்லை. இது மனநோய், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வேண்டும் என்று அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரிடம் சொன்னேன். நோயின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னபோது உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. த்தூ.

"சோம்பேறித்தனத்துக்கு யுனிவர்சிட்டியில இப்படியும் பேரு வச்சிருக்காங்களா தம்பி?" என்றார் அந்த மேதை. "பேதிக்குக் குடுக்கிறேன். பேயே இருந்தாலும் எறங்கிரும்."

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தனை பேரும் நோயாளிகள். கடிதம் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில், தேயிலைக்கு நடுவே அண்ணன் நின்றுவிட்டான். எந்தச் சத்தம் நிஜம் என்று சந்தேகம் வந்தால் என்னிடம் கேள் என்று பழக்கியவன் நான்தான். இரண்டு வருடமாக என் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறான்.

"தம்பி, அங்க எல்லாரும் சிரிச்சாங்களே, அது நெசமா? இல்ல, எனக்கு மட்டும் கேட்டுச்சா?"

அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"யாரும் சிரிக்கலண்ணே."



"அப்ப எனக்கு முத்திப் போச்சு போல" என்றான்.